மிஸ்ச்சிஃப்: குறும்பா, விஷமமா? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள், வகுப்பு முடிந்ததும் தங்கள் சந்தேகத்தையும் எடுத்து நீட்டுவார்கள். பள்ளி டைரி, அபார்ட்மென்ட் சங்கத்தின் நோட்டீஸ், ஆபீஸ் மெயில் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். அதில் அடிக்கடி வந்து மாட்டுகிற சொல் 'மிஸ்ச்சிஃப்'. அதைப் பற்றிய கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

மிஸ்ச்சிஃப் என்றால் குறும்புதானே, இதில் என்ன சந்தேகம்?

பாதி நேரம் குறும்புதான். வம்பெல்லாம் மீதிப் பாதியில். சின்னப் பிள்ளைகள் பண்ணும் சேட்டை, பார்த்தால் கோபமும் வரும் சிரிப்பும் வரும், அதுவும் மிஸ்ச்சிஃப். வேண்டுமென்றே ஒருவருக்குக் கெடுதல் செய்வது, பொருளை நாசம் பண்ணுவது, இரண்டு பேருக்கு நடுவே மூட்டிவிடுவது, அதுவும் மிஸ்ச்சிஃப். நம் ஊர்க்காரர்கள் முதல் அர்த்தத்தை மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அதனால்தான் சங்கத்தின் நோட்டீஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பள்ளி டைரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இருக்க வேண்டியது நேர்மாறாக.

இந்த இரண்டு அர்த்தத்தையும் ஒன்றாகச் சுமக்கும் தமிழ்ச் சொல் ஒன்று உண்டு: விஷமம். "விஷமம் பண்ணாம உக்காருடா" என்று பாட்டி பேரனைச் சொல்வதும் இந்தச் சொல்தான். "விஷமிகள் பேருந்துக்குத் தீ வைத்தனர்" என்று பேப்பரில் வருவதும் இதே சொல்தான். ஆகவே மிஸ்ச்சிஃபுக்குப் பொருத்தமான ஜோடி குறும்பைவிட விஷமம்தான் என்பது என் கட்சி. ஒரு விஷயம், இதை விஷத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். வடமொழியில் சமமாக இல்லாதது விஷமம்; மேடுபள்ளம், கோணல் என்று பொருள். பாம்பு விஷத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உச்சரிப்பு எப்படி? மிஸ்-சீஃப் என்று நீட்டலாமா?

நீட்டக் கூடாது. எழுத்தில் கடைசிப் பகுதி 'சீஃப்' மாதிரி தெரிவதால், சீஃப் மினிஸ்டர் சொல்வதுபோல் இழுத்துவிடுகிறோம். 'மிஸ்' மேல் அழுத்தம் கொடுத்து, 'ச்சிஃப்' என்று குறிலாக முடித்துவிட வேண்டும்.

இதன் அடைமொழிதான் அதிகம் சிக்கவைக்கும். 'மிஸ்ச்சிவஸ்' என்று மூன்று அசை. 'மிஸ்சீவியஸ்' என்று 'வ'வுக்குப் பின் ஒரு 'இ' சேர்த்து நான்காக்கிச் சொல்வது நம் ஊர்த் தப்பு என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே நூற்றாண்டுக் கணக்கில் அப்படிச் சொல்லி வருகிறார்கள். ஆனாலும் பரீட்சையில் எழுதும்போது அந்தக் கூடுதல் எழுத்து வந்தால் மார்க் போகும்.

சொல் எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சிலிருந்து. 'மெஸ்' என்றால் கெட்டபடி. பின்பாதி, 'தலை' என்ற பொருள்கொண்ட சொல்லின் வழி வந்தது, முடிவுக்கு வருவதைக் குறிக்கும். ஆக முதலில் இதன் பொருள் 'கெட்டதில் போய் முடிவது', அதாவது துன்பம், கேடு. பிள்ளைகளின் விளையாட்டுக் குறும்பு என்ற அர்த்தம் எத்தனையோ தலைமுறை கழித்து மேலே வந்து ஒட்டிக்கொண்டது. சட்டத்தில் இன்றும் இது கடுமையான சொல்லாக இருப்பதற்குக் காரணம் அதுதான். சட்டம் பழைய அர்த்தத்தை விடவே இல்லை.

சேட்டை, வால்தனம், குசும்பு, அட்டகாசம் எல்லாமே மிஸ்ச்சிஃப்தானா?

எல்லாவற்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டால் பிழை இல்லை, ருசிதான் போய்விடும்.

சேட்டைக்கு இயக்கம் வேண்டும். கை சும்மா இருக்காமல் எதையாவது நோண்டுவது, ஏறுவது, இழுப்பது. வடமொழி 'சேஷ்டா'வுக்கே அசைவு, செயல் என்றுதான் பொருள். (பழைய தமிழில் சேட்டை என்றால் மூதேவி, அது 'ஜ்யேஷ்டா'விலிருந்து வந்த வேறு சொல். சேட்டை பண்ணும் பிள்ளையை அம்மா மூதேவி என்று திட்டும்போது இரண்டும் எப்படியோ சந்தித்துக்கொள்கின்றன.)

வால்தனமும் சுட்டித்தனமும் செல்லம் கலந்தவை. "ரொம்ப வாலு" என்று சொல்கிற அம்மாவின் குரலில் பாதி பெருமை இருக்கும். ஆங்கிலத்தில் 'மிஸ்ச்சிவஸ் சைல்டு' என்பதன் தொனி கிட்டத்தட்ட இதேதான்.

குசும்பு வேறு சரக்கு. அதற்கு வாய் வேண்டும், கொஞ்சம் மூளையும் வேண்டும். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, மரியாதையான வார்த்தையிலேயே எதிராளியைக் கவிழ்ப்பது குசும்பு. கோயம்புத்தூர்க்காரர்கள் இதற்குப் பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'மிஸ்ச்சிவஸ் ஹியூமர்' என்றால் பொருந்தும். மிஸ்ச்சிஃப் என்று மட்டும் சொன்னால் பாதிதான் வரும்.

அட்டகாசம் சத்தம் சார்ந்தது. மூலச்சொல் 'அட்டஹாசம்', பெருஞ்சிரிப்பு. இப்போது "சாப்பாடு அட்டகாசம்" என்று பாராட்டவும் பயன்படுவதால் அதை மொழிபெயர்க்கும்போது கவனம். லூட்டிக்குக் கூட்டம் வேண்டும். தனியாக ஒரு பிள்ளை லூட்டி அடிப்பது கொஞ்சம் கஷ்டம்.

பள்ளி டைரியில் "யுவர் வார்டு இஸ் மிஸ்ச்சிவஸ் இன் க்ளாஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய விஷயம்?

ஒரு அம்மா இதே வாக்கியத்தோடு வந்தார். பிள்ளை என்ன செய்தான் என்று கேட்டால், பக்கத்துப் பையனின் ஷூ லேஸை அவன் அசந்த நேரம் பார்த்து பெஞ்சுக் காலோடு முடிச்சுப் போட்டிருக்கிறான். பிரேயர் மணி அடித்ததும் அந்தப் பையன் எழுந்திருக்க, பெஞ்சும் கூடவே எழுந்திருக்கிறது. "மிஸ், கம்ப்ளெயின்ட் எழுதிட்டாங்க, டிசி குடுத்துடுவாங்களா?" என்று அவருக்குக் கவலை.

டைரி ஆங்கிலத்துக்கு ஒரு ஏணி உண்டு, எந்தப் பள்ளியிலும் அதை எழுதி வைக்கவில்லை என்றாலும். 'டாக்கேட்டிவ்' கீழ்ப்படி, பேசிக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான். 'ரெஸ்ட்லெஸ்' என்றால் இடத்தில் உட்காருவதில்லை. அதற்கு அடுத்து 'மிஸ்ச்சிவஸ்'. சேட்டை, ஆனால் டீச்சர் இன்னும் பொறுமை இழக்கவில்லை, பாதிப் பேர் எழுதும்போதே சிரித்துக்கொண்டு எழுதுகிறார்கள். 'டிஸ்ரப்டிவ்' வந்தால் பாடம் நடத்த முடியவில்லை என்று அர்த்தம், நிமிர்ந்து உட்காருங்கள். 'மிஸ்பிஹேவ்டு' என்றால் மரியாதை குறைவாக ஏதோ நடந்திருக்கிறது. 'புல்லியிங்' என்ற சொல் வந்துவிட்டால் அன்றைக்கே லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டியதுதான்.

மிஸ்ச்சிவஸ் என்ற குறிப்புக்குப் பதில் எழுத இரண்டு வரி போதும்: "தேங்க் யூ ஃபார் லெட்டிங் மீ நோ. ஐ ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம்." மூன்று பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால், சின்னச் சேட்டையை நீங்களே பெரிய குற்றமாக்கிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். 'வார்டு' என்பதைப் பார்த்து ஆஸ்பத்திரி நினைப்பு வர வேண்டாம். உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளை என்று பொருள்.

'நாட்டி'க்கும் 'மிஸ்ச்சிவஸ்'ஸுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் ஒரு உள்ளூர் எச்சரிக்கை. பெங்களூரில் தெருவுக்குத் தெரு 'நாட்டி ஸ்டைல் பிரியாணி' என்று போர்டு தொங்கும். அது கன்னட 'நாட்டி', நம் நாட்டுக்கோழி 'நாட்டு'. குறும்புக்கும் அந்தப் பிரியாணிக்கும் சம்பந்தமில்லை.

ஆங்கில நாட்டி என்பது சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பது. பெரியவர் 'கூடாது' என்றார், பிள்ளை செய்துவிட்டது. மிஸ்ச்சிவஸ் பிள்ளைக்கு யாரும் தடை போட்டிருக்க வேண்டியதில்லை. விளையாட்டாக ஏதாவது செய்து அடுத்தவரைத் திணறடிப்பதில் அதற்கு ஆனந்தம். ஷூ லேஸ் முடிச்சு மிஸ்ச்சிவஸ். கை கழுவச் சொன்னால் கழுவாமல் தட்டில் கை வைப்பது நாட்டி.

நாட்டி என்ற சொல்லின் கதையும் வேடிக்கை. 'நாட்' என்றால் ஒன்றுமில்லாதது. ஒன்றுமில்லாதவன் என்று தொடங்கி, ஒன்றுக்கும் உதவாதவன், தீயவன் என்று பொருள் இறங்கியது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், எரேமியா 24ஆம் அதிகாரத்தில், சாப்பிட முடியாத அளவுக்குக் கெட்டுப்போன அத்திப்பழங்களுக்கு 'நாட்டி ஃபிக்ஸ்' என்றே எழுதியிருக்கும். அத்திப்பழம் என்ன குறும்பு செய்தது என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு 'கெட்ட' என்று பொருள். பிறகு காரம் குறைந்து குறைந்து குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது.

இன்னொன்று முக்கியம். வளர்ந்தவர்களைப் பற்றி நாட்டி என்றால் ஆங்கிலத்தில் அதற்குப் பாலியல் வாடை உண்டு. 'நாட்டி ஜோக்' என்றால் ஆபாச ஜோக். ஆபீஸில் உடன் வேலை பார்ப்பவர் ஒரு வேடிக்கை செய்தார் என்பதற்காக "யூ ஆர் வெரி நாட்டி" என்று சொல்லிவிடாதீர்கள். சொல்பவருக்கு அது வால்தனம். கேட்பவருக்கு ஹெச்ஆருக்குப் போகும் விஷயம். மிஸ்ச்சிவஸ் என்றால் அந்தத் தொல்லை கிடையாது. எண்பது வயதுத் தாத்தாவின் கண்ணில் 'மிஸ்ச்சிவஸ் ட்விங்கிள்' இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம், அவரும் மகிழ்ந்துபோவார்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி என் பையனை "தும்பா துண்ட்டா" என்கிறார். திட்டா?

செல்லம்தான். 'தும்பா' என்றால் ரொம்ப. 'துண்ட்டா' என்றால் வால் பையன். அவன் செய்வது 'துண்ட்டாட்டா'. நம் சேட்டைக்கு உடன்பிறப்பாக 'சேஷ்டெ'யும் கன்னடத்தில் உண்டு. 'தரலே' என்றால் கொஞ்சம் சலிப்பு கலந்தது. வெட்டித் தொந்தரவு, வாயாடித்தனம் எல்லாம் அதில் அடக்கம். 'கலாட்டே' நம் கலாட்டாவைவிட எளிமையான சொல். வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டாலே "கலாட்டே மாடபேடி" என்றுவிடுவார்கள், அடிதடி எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய கன்னடச் சொல் 'கிடிகேடி'. கன்னடப் பேப்பரில் பேருந்துக் கண்ணாடியை உடைத்தவர்கள், சிலையைச் சேதப்படுத்தியவர்கள் எல்லாரும் 'கிடிகேடிகளு'. நம் பேப்பர்களின் 'விஷமிகள்' செய்யும் வேலையை அது செய்கிறது. உங்கள் பிள்ளையை யாராவது கிடிகேடி என்றால் அது செல்லம் கிடையாது. ஆங்கிலப் பேப்பர்கள் இந்த இடத்தில் 'மிஸ்க்ரியன்ட்ஸ்' போடும். அதுவும் மிஸ்ச்சிஃப்பும் ஒரே குடும்பம்போலத் தோன்றும். தொடக்கத்தில் உள்ள 'மிஸ்' மட்டும்தான் பொது. மிஸ்க்ரியன்ட் என்பதற்கு ஆதிப்பொருள் நம்பிக்கையற்றவன், அவிசுவாசி.

வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

நம்மவர்கள் அதிகம் எழுதுவது "ஹீ டஸ் மெனி மிஸ்ச்சிஃப்ஸ்". "நிறையக் குறும்புகள் செய்கிறான்" என்று தமிழில் யோசித்து எழுதியது பளிச்சென்று தெரியும். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எண்ண முடியாது, தண்ணீர், சர்க்கரைபோல. கடைசியில் 'ஸ்' வேண்டாம், 'எ லாட் ஆஃப் மிஸ்ச்சிஃப்' போதும்.

அப்புறம், உடன் வரும் வினையைப் பொறுத்துத் தொனி மாறும். 'கெட் இன்டு மிஸ்ச்சிஃப்' என்றால் சேட்டையில் இறங்குவது, பிள்ளைகளுக்கு. 'அப் டு மிஸ்ச்சிஃப்' என்றால் ஏதோ செய்துகொண்டிருக்கிறான் என்று மூக்கில் வியர்ப்பது; பக்கத்து அறையில் பிள்ளைகள் திடீரென்று சத்தமே இல்லாமல் இருந்தால் சொல்ல வேண்டிய வாக்கியம் அதுதான். 'மேக் மிஸ்ச்சிஃப்' வேறு ஜாதி: மாமியார் மருமகளுக்கு நடுவே, அண்ணன் தம்பிக்கு நடுவே மூட்டிவிடுவது. அந்த வேலையைச் செய்பவர் 'மிஸ்ச்சிஃப் மேக்கர்', நம் கலகக்காரர், சகுனி. "மை சன் இஸ் எ மிஸ்ச்சிஃப் மேக்கர்" என்று சில பெற்றோர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்லாமல் இருப்பது நல்லது. பிரிட்டிஷ்காரர்கள் 'டூ யுவர்செல்ஃப் எ மிஸ்ச்சிஃப்' என்றால் உடம்பில் அடிபட்டுக்கொள்வது.

எங்கள் அபார்ட்மென்ட் நோட்டீஸில் "எனி ஆக்ட் ஆஃப் மிஸ்ச்சிஃப் வில் பி ரிப்போர்ட்டட் டு தி போலீஸ்" என்று இருக்கிறது. குறும்புக்கெல்லாம் போலீஸா?

இங்கேதான் இரண்டாவது அர்த்தம் வருகிறது. லிஃப்டில் எல்லாப் பட்டனையும் அமுக்கிவிட்டு ஓடுவதும், காலிங் பெல் அடித்துவிட்டுப் படிக்கட்டில் ஒளிவதும் வாட்ச்மேன் அண்ணன் சத்தம் போட்டால் தீரும் விஷயம். பார்க்கிங்கில் நிற்கும் காரின் மேல் சாவியால் கோடு போட்டால் அது இந்தியச் சட்டத்தில் 'மிஸ்ச்சிஃப்' என்ற பெயரிலேயே இருக்கும் குற்றம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 425ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில் 324ஆம் பிரிவு. சட்டத் தமிழில் இதற்குச் 'சொத்துக்கு ஊறு விளைவித்தல்' என்ற பொருளில் எழுதுவார்கள். குற்றம் ஆவதற்கு இரண்டு வேண்டும். ஒருவருக்கு நஷ்டம் அல்லது கேடு வரட்டும் என்ற எண்ணமோ, வரும் என்ற அறிவோ இருக்க வேண்டும். அதோடு, பொருள் அழிந்திருக்க வேண்டும், அல்லது அதன் மதிப்போ பயனோ குறைகிற மாதிரி மாறியிருக்க வேண்டும். கிரிக்கெட் ஆடும்போது பந்து தவறிப்போய்க் கண்ணாடி உடைந்தால், எண்ணமும் இல்லை, அறிவும் இல்லை. கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும், மிஸ்ச்சிஃப் ஆகாது. சண்டை போட்ட கோபத்தில் குறிபார்த்துக் கல் எறிந்தால் ஆகும்.

425ஆம் பிரிவுக்குக் கொடுத்திருக்கும் உதாரணங்கள் படிக்கச் சுவாரசியமானவை. அடுத்தவரின் மோதிரத்தை ஆற்றில் எறிவது ஒன்று. அடுத்தவரின் வயலில் மாட்டை மேயவிடுவது ஒன்று. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். இன்னொன்று, ஒருவரின் ஐஸ் கிடங்குக்குள் தண்ணீரை விட்டு ஐஸை உருகவைப்பது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ்கட்டி வந்து இறங்கிய காலம் அது. சென்னை மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடமே அதற்காக நின்றது, இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்துப் பணக்காரருக்கு ஐஸை உருக்குவதைவிடப் பெரிய விஷமம் இருந்திருக்காது.

தண்டனையைப் பார்த்தால் இது விளையாட்டில்லை என்பது தெரியும். புதிய சட்டத்தில் சாதாரண மிஸ்ச்சிஃபுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சேதம் 20,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்குள் இருந்தால் இரண்டு வருடம் வரை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து வருடம் வரை. பழைய சட்டத்தில் இரண்டு வருடத்துக்கான வரம்பு வெறும் 50 ரூபாய். 1860இல் வைத்த அந்த 50 ரூபாய், பழைய சட்டம் போகும்வரை அப்படியே இருந்தது. நல்ல காரில் இரண்டு கதவுக்குப் பெயின்ட் அடிக்க என்ன செலவாகும் என்று இன்றைக்கு ஒர்க்ஷாப்பில் கேட்டுப் பாருங்கள், எந்த வரம்பில் போய் நிற்கிறோம் என்பது புரியும்.

தெருநாய் வைத்து வரும் சண்டை பெங்களூரில் எந்த லேஅவுட்டிலும் உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது எல்லாம் புதிய சட்டத்தின் 325ஆம் பிரிவில் மிஸ்ச்சிஃப்தான். ஐந்து வருடம் வரை போகும்.

சின்னப் பிள்ளை செய்தால்?

ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், செய்ததன் விளைவு புரியும் அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு முதிர்ச்சி இருந்ததா என்பதைப் பார்ப்பார்கள். புதிய சட்டத்தில் 20, 21ஆம் பிரிவுகள் இவை. அதற்காகக் காருக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி ஓடிப்போய்விடாது. அதை அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

என் மகள் சட்டம் படிக்கிறாள். 'மிஸ்ச்சிஃப் ரூல்' என்று ஏதோ சொல்கிறாளே?

குறும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1584இல் இங்கிலாந்தில் வந்த ஹெய்டன் வழக்கிலிருந்து பிறந்த விதி. ஒரு சட்டத்துக்குப் பொருள் காணும்போது, எந்தக் கேட்டை நீக்குவதற்காக அந்தச் சட்டம் வந்தது என்று பார்த்து, அந்தக் கேடு அடைபடும்படி பொருள் கொள்ள வேண்டும். இங்கே மிஸ்ச்சிஃப் என்றால் 'கேடு', சட்டத்தில் இருந்த ஓட்டை. நம் உச்ச நீதிமன்றமும் 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் இதைப் பிடித்துக்கொண்டுதான் பேசியது.

டொரன்டோவில் இருக்கும் மச்சான், ஒருவரை மிஸ்ச்சிஃபுக்காகக் கைது செய்தார்கள் என்கிறார். கனடாவில் குறும்பு செய்தால்கூடப் பிடிப்பார்களா?

அங்கேயும் இது சட்டச் சொல், குற்றவியல் சட்டத்தின் 430ஆம் பிரிவு. நம்முடையதைவிட அகலமானது. பொருளைச் சேதப்படுத்துவது மட்டுமில்லாமல், அடுத்தவர் தன் சொத்தை அனுபவிக்க முடியாமல் தடுப்பதும் அதில் வரும். 2022இல் ஒட்டாவா நகரத்தில் லாரிகளை நிறுத்திப் பல நாள் நடந்த போராட்டத்தில், முன்னின்றவர்கள் மேல் இந்தக் குற்றச்சாட்டும் வந்தது. அந்தச் செய்தியைத் தமிழில் 'குறும்பு வழக்கு' என்று எழுதினால் எப்படி இருக்கும்!

அரசு அறிக்கையில் "பேஸ்லெஸ் அண்ட் மிஸ்ச்சிவஸ்" என்று வருகிறதே?

அமைச்சகமோ நிறுவனமோ ஒரு செய்தியை மறுக்கும்போது போடும் வழக்கமான ஜோடிச் சொற்கள் இவை. 'ஆதாரமற்றது, விஷமத்தனமானது'. செய்தி தவறு என்பதோடு நிற்காமல், தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு கிளப்பிவிட்டார்கள் என்று எதிராளி மேல் சுமத்துகிறார்கள். ஆபீஸ் மெயிலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'மிஸ்ச்சிவஸ்' வந்தால், இந்த அர்த்தமா என்று முதலில் பாருங்கள். நீங்கள் அடுத்தவருக்கு எழுதும்போது, அந்த எண்ணத்தை நிரூபிக்க முடியாவிட்டால் 'இன்கரெக்ட்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ப்ராங்க், ஷெனானிகன்ஸ், மங்கி பிசினஸ்: இவை?

ப்ராங்க் ஒரே ஒரு செயல், திட்டம் போட்டு ஒருவரை ஏமாற்றி வேடிக்கை பார்ப்பது, இதை எண்ணலாம். ஷெனானிகன்ஸ் பெரும்பாலும் பன்மையிலேயே வரும், கூத்து, திருகுதாளம் என்ற அளவில்.

மங்கி பிசினஸ்தான் பொறி. நம் 'குரங்குச் சேட்டை' என்று எண்ணி எடுத்துப் போட்டுவிடுவோம். சில இடத்தில் சரியாகவும் இருக்கும். ஆனால் கணக்கு வழக்கில், டெண்டரில், தேர்தலில் மங்கி பிசினஸ் என்றால் தில்லுமுல்லு. "தேர் இஸ் சம் மங்கி பிசினஸ் இன் தி பில்" என்று மேனேஜர் சொன்னால் சிரிக்காதீர்கள், யாரோ காசு அடித்திருக்கிறார்கள் என்கிறார்.

'ப்ராட்' என்பதும் மிஸ்ச்சிவஸ் பிள்ளைதானே?

இல்லை. ப்ராட் என்றால் அடங்காத, மரியாதை தெரியாத பிள்ளை. அந்த அடி பெற்றோரின் வளர்ப்பு மேலும் விழும். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி வாயில் வரக் கூடாத சொல். 'ராஸ்கல்' நேர்மாறு: ஆங்கிலத்தில் பிள்ளையைப் பார்த்து 'லிட்டில் ராஸ்கல்' என்பது கொஞ்சல், தமிழில் ராஸ்கல் என்றால் கைகலப்பு.

ஹாலோவீன் சமயத்தில் 'மிஸ்ச்சிஃப் நைட்' என்கிறார்களே?

இப்போது ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கத்து அபார்ட்மென்ட்களில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கிறார்கள் அல்லவா, அது அக்டோபர் 31. அமெரிக்காவில் சில பகுதிகளில் அதற்கு முந்தைய இரவு மிஸ்ச்சிஃப் நைட். வட இங்கிலாந்தில் நவம்பர் 4. கதவைத் தட்டிவிட்டு ஓடுவது, மரத்தில் டாய்லெட் பேப்பர் சுற்றுவது என்று நடக்கும். டெட்ராய்ட் நகரத்தில் அந்த இரவு 1980களில் வீடுகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. சொல்லின் முதல் அர்த்தத்தில் தொடங்கி இரண்டாவதில் போய் முடிந்த இரவு.

டீச்சர் எப்போதும் 'மிஸ்ச்சிவஸ், ரெஸ்ட்லெஸ்' என்றே எழுதுகிறார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

மிஸ்ச்சிவஸ் என்பது நோயின் பெயர் கிடையாது. ஒரு டைரிக் குறிப்பை வைத்து யாரும் முடிவுக்கு வர முடியாது. வீடு, பள்ளி, பாட்டி வீடு என்று எல்லா இடத்திலும் பல மாதமாக ஒரே மாதிரி இருந்து, படிப்பும் நட்பும் பாதிக்கப்படுகிறது என்றால் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. டைரிகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

குறுக்கெழுத்தில் 'எ மிஸ்ச்சிஃப் ஆஃப்...' என்று வந்தது. விடை?

மைஸ். எலிக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர்.

நாய்க்குட்டிக்கு மிஸ்ச்சிஃப் என்று பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். இரண்டு அசை, கூப்பிடச் சுலபம். பார்க்கில் "மிஸ்ச்சிஃப், இங்க வா" என்று கத்தும்போது நாலு பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.